கியூஆர் குறியும் நம் கைச்சரக்காக இருக்கட்டும்



கல்லாப்பெட்டி அருகே கியூஆர் அட்டை இல்லாத கடையை அனந்தபுரத்தில் இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் பணம் வாங்குவதற்கு மட்டும்தான் அதை நாம் பயன்படுத்தி வருகிறோம். விலைப்பட்டியல், கடை முகவரி, ஆர்டர் எடுக்கும் தொலைபேசி எண் ஆகியவற்றையும் இந்தக் குறியாக்கி பைகளிலும் ரசீதுகளிலும் அச்சிடலாம். அதற்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, காசும் கொடுக்க வேண்டியதில்லை என்பதே நமது கருத்து.

1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர், மோட்டார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க இக்குறியை உருவாக்கினார்கள். காப்புரிமை கையில் இருந்தும் அந்நிறுவனம் பயன்படுத்துவோரிடம் கட்டணம் கேட்கவில்லை. ஆகவேதான் அது உலகெங்கும் பரவியது. அப்படிப்பட்ட பொதுச் சரக்குக்கு நம்மிடம் சந்தா கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இலவசமாகக் குறி செய்து தரும் இணையப் பக்கங்கள் இரண்டு வகை. முதல் வகையில், நாம் தட்டச்சு செய்வது நம் கைபேசியின் பிரவுசருக்குள்ளேயே குறியாகிவிடும், வெளியே போகாது. நம் விவரம் அந்தக் கட்டங்களிலேயே அடங்கியிருப்பதால், நாளை அந்தப் பக்கமே மூடப்பட்டாலும் குறி வேலை செய்யும். இரண்டாம் வகையில், கட்டங்களுக்குள் இருப்பது அந்த நிறுவனத்தின் முகவரி. ஸ்கேன் செய்பவர் முதலில் அவர்கள் வாசலுக்குப் போய், பிறகே நம்மிடம் வருவார். சில இடங்களில் இலவசக் காலம் முடிந்து சந்தா கட்டாவிட்டால் குறி செத்துவிடும். ஆயிரம் பைகளில் அச்சடித்துவிட்ட வணிகர் அப்போது என்ன செய்வார்?

இரண்டாம் வகையில் விவரத்தைப் பின்னால் மாற்றலாமே, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் கிடைக்குமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு முதலில் அவர்கள் கைக்கல்லவா போகிறது? நம் பற்று வரவு நோட்டை அடுத்தவர் கடையில் வைத்துவிட்டு வருவோமா?

சோதித்துப் பார்ப்பது எளிது. பக்கம் திறந்ததும் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுக் குறி செய்து பாருங்கள். அப்போதும் உருவானால் வேலை உள்ளேயே நடக்கிறது என்று பொருள். பக்கத்தை மூடிய பின் இணைப்பைக் கொடுங்கள். பிறகு குறியை ஸ்கேன் செய்து, நாம் கொடுத்த விவரம் தெரிகிறதா, வேறு முகவரி தெரிகிறதா என்று பார்த்த பிறகே அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். இக்குறி பூட்டு அல்ல; கைபேசி உள்ள எவரும் படிக்கலாம். இரகசியம் எதையும் அதில் வைக்கக் கூடாது.

பணம் வாங்கும் குறியை மட்டும் வங்கியோ யுபிஐ செயலியோ தந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், இரவோடு இரவாகப் பல கடைகளின் அட்டைகளுக்குப் பதில் மோசடிக்காரர்கள் தங்கள் குறியை வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் கடை திறந்ததும் நம் அட்டையை நாமே ஸ்கேன் செய்து பெயரைச் சரிபார்ப்பது நல்லது. மோசடி நடந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் செய்ய வேண்டும்.

தீபாவளிப் பைகளும் புத்தாண்டு காலண்டர்களும் அச்சுக்குப் போகுமுன், சங்கம் ஒரு மாலை நேரம் ஒதுக்கி இதை உறுப்பினர்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.