அடைப்புக்குறிக்குள் ஓர் ‘எ’

‘கொக்கி’ என்று ஒருவரை ஊரே கூப்பிடுகிறது என்றால் உங்கள் மனதில் என்ன ஓடும்? உண்மையைச் சொல்லுங்கள். யாரையோ குத்தியிருப்பார் என்றுதானே?

அவர் என் மாமா. துறைமுகத்தில் மூட்டைகள் ஆள் முதுகில் இறங்கிய காலத்துத் தொழிலாளி. சாக்கில் கொக்கியை ஒரே போடாகப் போட்டு, தையல் பிரியாமல், ஒரு மணி அரிசி சிந்தாமல் தூக்குவாராம். சிந்தினால்தானே வாரிக்கொண்டு போக முடியும்? ஆகவே அந்தப் பெயருக்குக் கைசுத்தம் என்றும் பொருள். கூட மூட்டை சுமந்தவர்கள் வைத்த பட்டம் அது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் அவர் ‘கொக்கிண்ணன்’தான். ரேஷன் கார்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், “யாரு, பேங்க்குலேர்ந்தா?” என்பார்.

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டைகள் குறைந்தன, கொக்கியும் போனது. பெயர் மட்டும் மகனுக்கு இறங்கி அவன் ‘சின்னக் கொக்கி’ ஆனான். கொக்கியை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை.

அவன் பாஸ்போர்ட்டுக்குப் போட்டபோதுதான் வம்பு. வேறு பெயர்களால் அறியப்படுகிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. ‘இல்லை’ என்று நிரப்பியிருந்தான். விசாரிக்க வந்தவர் வாசலில் நின்று, “ஏரியாவுல என்ன பேரு சொல்லிக் கூப்புடுவாங்க?” என்று கேட்டார். பையன் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்: “எங்க வூட்ல யாருக்கும் பட்டப்பேரு கெடையாது சார்.”

முப்பது வருஷம் முதுகொடியச் சம்பாதித்த பெயரை ஒரு மனுஷன் இப்படி விழுங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் கோபம் அங்கே ஆரம்பித்தது.

செய்தித்தாளில் எங்கள் பக்கத்து ஆட்கள் பெயர் வந்தால் நடுவில் ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும்: (எ). ‘என்கிற’ என்பதன் சுருக்கம். காவல் நிலையக் காகிதத்திலிருந்து அப்படியே அச்சுக்கு வருவது. சரி, பட்டப்பெயர் இல்லாமல் தமிழ்நாட்டில் யார் பொதுவாழ்க்கை நடத்தினார்கள்? 1938 நவம்பர் 13 அன்று தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடி, ஈ.வெ.ராமசாமியைப் ‘பெரியார்’ என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எங்கே? வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில். எங்கள் வடசென்னையில்தான். மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் ‘சிந்தனைச் சிற்பி’. கருணாநிதி ‘கலைஞர்’. இவர்கள் பெயருக்கு நடுவில் எந்தப் பேப்பராவது அந்த (எ)வைப் போடுமா? மேடையில் கொடுத்தால் பெயருக்கு முன்னால், முட்டுச்சந்தில் கொடுத்தால் அடைப்புக்குறிக்குள். இது எந்த ஊர் இலக்கணம்?

‘வாத்தியார்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர் எங்களுக்கு ‘சார்’தான். வாத்தியார் என்றால் குத்துச்சண்டை சொல்லிக் கொடுப்பவர், அப்புறம் எம்.ஜி.ஆர். தனக்குத் தானே அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொண்டு ஒருத்தன் தெருவில் நடந்துவிட முடியாது, சிரித்தே கொன்றுவிடுவார்கள். அவரிடம் அடி வாங்கிக் கற்றவன் வாயிலிருந்து வர வேண்டும். 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்த பிறகு தென்சென்னைக்காரர்களும் ‘ரங்கன் வாத்தியாரே’ என்றார்கள். சந்தோஷம். ஆனால் மற்ற படங்களில்? எங்கள் பட்டப்பெயர் கையில் கத்தி இல்லாமல் திரைக்குள் வருவது அபூர்வம்.

ரவுடிகளுக்கும் பட்டப்பெயர் உண்டு, மறுக்கவில்லை. எல்லாப் பட்டமும் புகழ்ச்சி என்றும் சொல்ல மாட்டேன். காலில் ஊனம் இருந்தால் ‘நொண்டி’ என்று சிரித்தபடியே கூப்பிடுகிற ஊர்தான் எங்களுடையது. அதற்கு நாங்கள் வெட்கப்பட வேண்டும். இன்னொன்றுக்கும்: காசிமேட்டு ஏலத்தில் கூடையைப் பார்த்தே எடை சொல்கிற பெண்களுக்கு ‘அக்கா’, ‘ஆயா’ தாண்டி நாங்கள் ஒன்றுமே கொடுத்ததில்லை. 1938இல் பட்டம் கொடுத்தவர்களே பெண்கள்தான் என்பதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

போன வருஷம் மாமா போய்விட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க அச்சகத்துக்குப் போனேன். பையன் கணினியில் ரேஷன் கார்டுப் பெயரை அடித்தான், பிறகு அவனாகவே ‘(எ) கொக்கி’ என்று சேர்த்தான். அடைப்புக்குறியை எடுக்கச் சொன்னேன்.

“அப்போ கொக்கிய எங்கண்ணே போடறது?”

“முன்னாடி.”