மரபணு தரும் எச்சரிக்கை

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? மதுக்கரையைத் தாண்டியதும் தண்டவாளம் காட்டை ஒட்டிச் செல்கிறது. அங்கே ரயிலில் அடிபட்டு யானைகள் பல இறந்ததுண்டு. அதைத் தடுக்க 2024இல் தமிழக வனத்துறை தண்டவாள ஓரமாகக் கோபுரங்கள் நிறுவி, காமிராக்களைப் பொருத்தியது. யானை நெருங்கினால் உடனே செய்தி போகும். ரயில் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். நெருங்கும் யானையெல்லாம் தண்டவாளத்தைக் கடப்பதில்லை. ஆயினும் எச்சரிக்கை தேவைதானே?

இத்தகைய எச்சரிக்கை ஒன்றை நம் உடலுக்குள்ளும் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. முதுமையில் அதில் புற்றுநோய் தோன்றலாம். ஒரே தெருவில் இரண்டு தாத்தாக்களுக்கு ஒரே ஆண்டில் இந்நோய் கண்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் அது பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கலாம். மற்றவரிடம் விரைவிலேயே எலும்புக்குப் பரவலாம். முன்னவருக்கு அவசரச் சிகிச்சை வீண் வேதனை. பின்னவருக்கோ தாமதமே ஆபத்து. யாருக்கு எது என்று முன்கூட்டி அறிவது எப்படி?

இரத்தச் சோதனையும் நுண்ணோக்கியும் ஓரளவு சொல்லும். மரபணுவும் சற்றுச் சொல்லும். நம் டி.என்.ஏ.யில் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. இருவருக்கிடையே ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஓர் எழுத்து மாறுபடும். அறுந்த டி.என்.ஏ.யைச் செப்பனிட உதவுவது பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணு. அதில் பிறவியிலேயே பழுது இருந்தால், புராஸ்டேட் புற்றுநோய் இளவயதிலேயே வரவும் வேகமாகப் பரவவும் வாய்ப்பு அதிகம். இப்பழுது தாய்வழியிலும் வரும். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதும் இதே பழுதுதான். இன்னும் நூற்றுக்கணக்கான சிறு மாறுபாடுகளும் அறியப்பட்டுள்ளன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நோய் வரும் வாய்ப்பைத்தான் சொல்கின்றன. வந்த நோயின் வேகத்தைச் சொல்வதில்லை.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தினரின் இரத்தமே சோதிக்கப்பட்டது. வேறோர் ஊர்க் காட்டில் நட்ட கோபுரம் மதுக்கரை யானையைக் காணுமா? நம் மக்களின் மாறுபாடுகளை நாமே கணக்கெடுத்தாக வேண்டும். 2020இல் மத்திய அரசு தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம், 10,000 இந்தியரின் டி.என்.ஏ.யைப் படித்து நல்ல தொடக்கம் செய்துள்ளது. அது போதாது. புற்றுநோய் கண்டவர்களின் மரபணுவையும், நோய் சென்ற போக்கையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் கொடுப்பவரின் சம்மதமும், அவர் விவரங்களின் இரகசியமும் காக்கப்பட வேண்டும். இல்லையேல் எவரும் நம்பிக் கை நீட்ட மாட்டார்.

மரபணுவை ஜாதகம் போல எண்ணிப் பயப்படவும் வேண்டாம். பழுது இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அவர்களை டாக்டர்கள் கூடுதல் கவனத்தோடு கண்காணிப்பார்கள், அவ்வளவே.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தந்தைவழி, தாய்வழி உறவினரில் யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சோதனைச்சாலைக்குப் போகுமுன் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்!