பெருஞ்சோறும் பேட்டாவும்

புவனகிரியில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பட்டுச்சேலைக்காக இறங்குவர். அல்லது இராகவேந்திரர் பிறந்த ஊர் என்பதற்காக இறங்குவர். வெள்ளாற்றின் போக்கிலேயே அங்கிருந்து கிழக்கே சென்றால் பரங்கிப்பேட்டைக் கடல் வந்துவிடும். 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அந்த மணல்வெளியில் ஐதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதிக்கொண்டனர். பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாக நமக்கு அறிமுகமான பரங்கிப்பேட்டைப் போர் அதுதான். யார் வென்றார், யார் தோற்றார் என்பதோடு அந்த வரி முடிந்துவிடும்.

அந்த வரியில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அந்தப் படை என்ன சாப்பிட்டது? அதன் மூட்டைகளை யார் சுமந்தார்? இடம்பெயர்ந்ததற்கு அதற்கு என்ன கிடைத்தது? இவை இலக்கிய ஏட்டில் கேட்கத்தக்க கேள்விகள்தாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம் இலக்கணமே இவற்றைக் கேட்டிருக்கிறது என்பதே என் பதில்.

தொல்காப்பியப் புறத்திணையியல் படை புறப்படுவதை வஞ்சித் திணை என்கிறது. அதன் துறைகளுள் ஒன்று பெருஞ்சோற்று நிலை. போருக்குச் செல்லும் வீரர்க்கு மன்னன் பெருஞ்சோறு அளித்தல் என்பது அதன் பொருள். வேலும் வாளும் பெற்ற இடத்தைச் சோறும் பெற்றிருக்கிறது. முல்லைப்பாட்டின் பாசறையிலும் மன்னன் ஒருவனே நிறைந்திருக்கவில்லை. யானைக்குக் கவளம் ஊட்டுவோர், நாழிகை பார்த்துச் சொல்வோர், காவலிருக்கும் யவனர் எனப் பலரும் அங்கே நடமாடுகின்றனர். படை என்பது நகர்ந்துசெல்லும் ஓர் ஊர் என்பதைப் பழம்புலவர் அறிந்திருந்தனர். பிற்காலத்து நாம்தான் அதனை மறந்தோம்.

இனி 1781க்கு வருவோம். முந்தைய ஆண்டு ஜூலையில் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கிய ஐதரின் குதிரைப்படை, ஆங்கிலேயருக்கு உணவோ மாட்டுத்தீவனமோ கிடைக்காதவாறு நாட்டை வெறுமையாக்கிவிட்டது. அந்தப் பாழ்நிலத்தில் கூட்டின் படைக்கு வண்டி மாடுகள் இல்லை. கடலூரில் அது மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்ததற்குப் பகைவரைக் காட்டிலும் பட்டினியும் பொதிமாட்டுப் பஞ்சமுமே காரணங்கள். கப்பலில் வந்தால் அரிசி உண்டு, இல்லையேல் இல்லை. ஜூன் மாதம் வெள்ளாற்றைக் கடந்து, ஐதரின் காவற்படை அரண் செய்திருந்த சிதம்பரம் கோயிலைக் கூட்டு தாக்கினார். அங்கே சேர்த்துவைக்கப்பட்டிருந்த தானியமும் அவர் கண்ணில் இருந்தது. அந்தத் தாக்குதல் இழப்புகளோடு முறியடிக்கப்பட்டது. அதன்பின் பரங்கிப்பேட்டைக் கரைக்கு ஒதுங்கிய படை, சில நாள்களுக்கான அரிசியை வீரர்களின் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு ஐதரை எதிர்கொண்டது. வென்றது. ஆனால் பின்வாங்கிய ஐதரைத் துரத்திச்செல்ல அதனால் இயலவில்லை. மாடு இல்லை, வண்டி இல்லை என்பதே அதற்கும் முதன்மைக் காரணம்.

அரிசியை முதுகில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் மண்ணின் சிப்பாய்கள். சென்னைப் படைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வங்கப் படையின் சிப்பாய் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வருவான். சென்னைச் சிப்பாயின் மனைவி மக்களோ படைக்குடியிருப்பிலேயே வாழ்ந்தனர். பட்டாளம் பெயர்ந்தால் குடும்பமும் பெயரும். ஆகவே ‘இடமாற்றம்’ என்னும் ஆணை அங்கே தனி மனிதனுக்கு வந்ததன்று. அடுப்புக்கும் தொட்டிலுக்கும் சேர்த்து வந்தது.

இந்த இடப்பெயர்ச்சிக்கு ஈடாகத் தரப்பட்ட கூடுதல் தொகையை ஆங்கிலேயர் ‘பத்தா’ என்றனர். நெல்லைக் குறிக்கும் கன்னடச் சொல்லிலிருந்து அது வந்தது என்பது ஹாப்சன்-ஜாப்சன் அகராதி தரும் விளக்கங்களுள் ஒன்று. தமிழில் நாம் இதற்கு வழங்கும் ‘படி’யும் தானியத்தோடு தொடர்புடையதாகவே இருப்பது கருதத்தக்கது. அரிசி அளக்கும் படியும், அகவிலைப்படியும், பயணப்படியும் ஒரே ஒலியில் நம்மிடம் வழங்குகின்றன. லாரி ஓட்டுநரும் திரைப்படத் தொழிலாளரும் இன்றும் கேட்டு வாங்கும் ‘பேட்டா’ அந்தப் பழைய பட்டாளச் சொல்லின் பேரப்பிள்ளைதான். வீட்டை விட்டு வெளியே போனவனுக்குச் சோற்றுச் செலவு கூடும். அதை அனுப்பியவன் தர வேண்டும் என்னும் எளிய நியாயம் அச்சொல்லுக்குள் இருக்கிறது.

அந்த நியாயம் எவ்வாறெல்லாம் மீறப்பட்டது என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 1766. கடலூரின் புனித டேவிட் கோட்டையில் படைப்பணியைத் தொடங்கிய இராபர்ட் கிளைவ், ஐரோப்பியப் படைக்கு உணவு வழங்கும் பொறுப்பைப் பெற்றுத்தான் தமது செல்வத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே கிளைவ் வங்கத்தின் ஆளுநராக இருந்தபோது அதிகாரிகளின் இரட்டைப் படியை நிறுத்தினார். வெள்ளை அதிகாரிகள் கூட்டாகப் பதவி விலகினர். அதற்குத் துணைநின்ற சர் இராபர்ட் பிளெட்சர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் சில ஆண்டுகளில் மீண்டும் சேர்க்கப்பட்டுச் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவே ஆகிவிட்டார்.

இரண்டாவது, 1824. பர்மியப் போருக்காகப் பாரக்பூரிலிருந்து கிழக்கு நோக்கி நடக்குமாறு வங்கப் படையின் 47ஆவது பட்டாளத்துக்கு ஆணை வந்தது. சிப்பாய் தன் சமையல் பாத்திரங்களையும் உடைமைகளையும் ஏற்றிச்செல்லும் மாட்டுக்குத் தானே வாடகை தர வேண்டும். போர்க்காலமாதலால் மாடு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அவன் சம்பளத்துக்கு எட்டாத விலை. மாடு தாருங்கள், அல்லது படியை உயர்த்துங்கள் என்று கேட்டனர். நவம்பர் 2ஆம் நாள் தலைமைத் தளபதி எட்வர்ட் பேஜட்டின் ஆணைப்படி அவர்கள்மீது பீரங்கி முழங்கியது. பலர் மாண்டனர், தப்பியவர்களில் சிலர் தூக்கிலேற்றப்பட்டனர், பட்டாளத்தின் பெயரே பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. படி கேட்ட பிளெட்சருக்கும் படி கேட்ட சிப்பாய்க்கும் கிடைத்தவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவது நிகழ்ச்சி நம்மவர்களுடையது. 1843இல் சிந்து நாடு கைப்பற்றப்பட்டது. அதுவரை அது அயல்நாடு. அங்கே பணிபுரிவோர்க்குக் கூடுதல் படி உண்டு. வென்று இணைத்தபின் அது ‘நம் நாடு’ ஆகிவிட்டது. ஆகவே படி இல்லை என்றது அரசு. வென்றவனுக்கு வெற்றியின் பரிசாகச் சம்பளம் குறைந்தது! வங்கப் பட்டாளங்கள் சில சிந்துவுக்குப் போக மறுத்தன. அவற்றுள் 34ஆவது பட்டாளம் 1844 மார்ச்சில் மீரட்டில் கலைக்கப்பட்டது. அந்த இடத்தை நிரப்பச் சென்னைப் படையின் 47ஆவது பட்டாளம் அனுப்பப்பட்டது. எண் ஒன்றே, படை வேறு. பர்மாவுக்குச் சென்றவர்க்கு அளித்த அளவில் படி உண்டு என்று சென்னை ஆளுநர் டுவீடேல் உறுதி தந்திருந்தார். அதை நம்பிக் கப்பலேறியவர்கள் பம்பாய் வந்தபின்தான், கல்கத்தாவின் மேலரசு அந்த உறுதியை ஏற்கவில்லை என அறிந்தனர். ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்கு இவ்வளவு, வழிச்செலவுக்கு இவ்வளவு என்று போட்ட கணக்கெல்லாம் நடுவழியில் சிதைந்தது. அணிவகுப்பில் அவர்கள் வெளிப்படையாகவே கீழ்ப்படிய மறுத்தனர்.

இந்த மூன்றாவது நிகழ்ச்சியே என்னை மிகவும் உறுத்துவது. இங்கே பசி இல்லை, பீரங்கி இல்லை. ஒரு வாக்குறுதியும், அது ஓர் அலுவலகத்துக்கும் இன்னோர் அலுவலகத்துக்கும் இடையில் காணாமற்போனதும் மட்டுமே உண்டு. ஓர் ஆளுநர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்லிவிட முடியாது. அவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். மேலே இருந்தோர் வரவுசெலவைப் பார்த்து மறுத்திருக்கலாம். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த இரு நியாயங்களுக்கும் இடையிலான இழப்பை ஏற்றவன் யார்? சம்பளத்தில் எல்லாரிலும் கீழ்ப்படியில் இருந்த சிப்பாய்.

இதெல்லாம் கம்பெனிக் காலத்துக் கொடுமை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். இன்று விதிகள் பண்படுத்தப்பட்டிருப்பது உண்மைதான். ஆயினும் உள்ளிருக்கும் மனப்பாங்கு முற்றிலும் மாறியதாக நான் எண்ணவில்லை. ஏழாம் ஊதியக்குழுவை ஒட்டி 2017 ஜூலையில் நடுவண் அரசு தன் குடிமைப்பணி ஊழியர்க்கு வெளியிட்ட பயணப்படி ஆணையைப் பாருங்கள். இடமாற்றத்தின்போது மேல்நிலை ஊழியர் 6000 கிலோ வரை வீட்டுப்பொருள் கொண்டுசெல்லலாம். கடைநிலையில் இருப்பவர்க்கு 1500 கிலோ. சாலைவழிச் செலவு மேலவர்க்குக் கிலோமீட்டருக்கு 50 ரூபாய், கடைநிலையினர்க்கு 15 ரூபாய். படைத்துறைக்குத் தனி விதிநூல் உண்டு; அங்கும் பதவியை ஒட்டியே எல்லாம் அளக்கப்படுகிறது. கடைநிலை ஊழியரிடம் பொருள் குறைவு என்பது உண்மையாகலாம். ஆனால் லாரிக்காரர் பதவி பார்த்தா வாடகை கேட்கிறார்? பெட்டியும் கட்டிலும் பாத்திரமும் பிள்ளைகளின் புத்தகமும் எல்லா வீட்டுக்கும் பொது அல்லவா?

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இக்கேள்வியை வேறொரு கோணத்தில் எழுப்புகிறது. நான்காண்டுப் பணிக்கு வரும் இளைஞனுக்கு முதலாண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 பிடித்துவைக்கப்பட்டுப் பணிமுடிவில் அரசின் பங்கோடு சேர்த்துத் தரப்படும். ஓய்வூதியம் இல்லை, அகவிலைப்படி இல்லை. திட்டத்தை ஆதரிப்போர்க்கு அவர்களுடைய காரணங்கள் உண்டு: படை இளமையாக இருக்க வேண்டும், ஓய்வூதியச் சுமை குறைய வேண்டும் என்கின்றனர். அவை புறக்கணிக்கத்தக்க காரணங்கள் அல்ல. நிபந்தனைகள் முன்கூட்டியே சொல்லப்பட்டன என்பதும் 1844இலிருந்து ஒரு முன்னேற்றமே. ஆனால் சுமையைக் குறைப்பது என்றால் என்ன? சுமை மறைவதில்லை, தோள் மாறுகிறது. அரசின் தோளிலிருந்து இறங்கும் மூட்டை ஏதோ ஓர் ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் போய் இறங்குகிறது. கணக்கெழுதுவோர் அந்தத் திண்ணையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே நான் சொல்வது.

என் கருத்தைச் சுருக்கமாக வைக்கிறேன். ஒருவனை இடம்பெயர்க்கும் அதிகாரம் யாரிடம் உள்ளதோ, பெயர்ப்பின் முழுச்செலவும் அவர்களுடையது. அச்செலவு புறப்படும் முன்பே கைக்கு வர வேண்டும். அலைந்து விண்ணப்பித்துப் பின்னர் பெறுவதாக இருக்கலாகாது. நடுவழியில் அதைக் குறைக்கலாகாது. குடும்பத்தை அந்தக் கணக்கின் முதல் வரியில் எழுத வேண்டும். இவை சலுகைகள் அல்ல. மன்னன் அளித்த பெருஞ்சோறு அவன் கொடைச்சிறப்பாகப் பாடப்பட்டது. குடியரசில் அது கொடையன்று, கடன்.

இதில் எழுதுவோராகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. நம் வரலாற்றுப் புதினங்களில் குதிரைகள் பறக்கின்றன. அவற்றுக்குக் கொள்ளு கொண்டுவந்தவன் வருவதில்லை. படை கடந்த மறுநாள் ஆற்றங்கரையில் பிள்ளை பெற்ற சிப்பாயின் மனைவியை யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. வெள்ளாற்றங்கரை ஊர்களில் பட்டாளத்துக்குப் போய்வந்தோர் பலர் உள்ளனர். அவர்களிடம் போர்க்கதை கேட்பதற்கு நாம் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த முறை, எத்தனை முறை வீடு மாற்றினீர்கள், எந்த ஊரில் எதை விட்டுவிட்டு வந்தீர்கள், பிள்ளைகள் எத்தனை பள்ளிகளில் படித்தனர், பயணப்படி எப்போது கைக்கு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். அவரைவிட அவர் மனைவியிடம் கேட்டால் இன்னும் நல்லது; கணக்கு அவரிடம்தான் இருக்கும்.