பெட்டிக்குள் செங்கல்!

கம்ப்யூட்டருக்கு ஞாபக சக்தி உண்டு. கணக்கு, கடிதம், படம், பாட்டு எல்லாவற்றையும் அது சேமித்து வைக்கும். இதற்காக உண்டான கருவிகளில் ஒன்று "ஹார்டு டிஸ்க்". அதாவது, சுழலும் தட்டு.

1956-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்டு டிஸ்கைக் கொண்டுவந்தது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொன்றும் 2 அடி அகலம்! ஆனாலும் 50 லட்சம் எழுத்துகளே அதில் அடங்கின. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படமே ஏறக்குறைய அவ்வளவு இடம் பிடிக்கும்.

43 கம்பெனிகள்

பிறகு கம்ப்யூட்டர் சிறியதாயிற்று. ஆபீசுக்கும் வீட்டுக்கும் வந்தது. "ஹார்டு டிஸ்க் செய்தால் பணம் குவியும்" என்று பலர் கிளம்பினார்கள். 1977 முதல் 1984 வரை அமெரிக்க முதலாளிகள் 43 கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். மொத்தம் சுமார் 40 கோடி டாலர்!

"பத்தில் ஒரு பங்கு வியாபாரம் கிடைத்தால் போதும்" என்று ஒருவர் நினைப்பது பேராசை ஆகாது. ஆனால் 43 பேரும் அப்படியே நினைத்தால்? பத்துப் பங்குக்கு 43 பேர் போட்டி!

வெங்காயம் விலை ஏறினால் எல்லோரும் வெங்காயம் பயிரிடுகிறார்கள். அறுவடையில் விலை விழுகிறது. அதே கதைதான் இங்கும் நடந்தது. அதோடு, ஹார்டு டிஸ்கை நெல்லைப்போல் பத்தாயத்தில் போட்டு வைக்கவும் முடியாது. அடுத்த வருடமே அதைவிடப் பெரியது, மலிவானது வந்துவிடும்.

1983 நடுவில் 12 கம்பெனிகளின் பங்குகள் 540 கோடி டாலர் பெறும் என்றார்கள். 1984 முடிவில் அவற்றின் மதிப்பு 140 கோடி டாலர்தான்!

செங்கல் வியாபாரம்

கொலராடோவில் இருந்த மினிஸ்கிரைப் என்ற கம்பெனி, சரக்கு இருப்பு குறைந்ததை மறைக்கப் பார்த்தது. 1987-ல் பெட்டிகளில் செங்கற்களை அடைத்து அனுப்பியது. ஹார்டு டிஸ்க் என்று கணக்கு எழுதியது! 1989-ல் குட்டு வெளிப்பட்டது. 1990-ல் கம்பெனி திவால்.

சென்னைக்கும் இந்தச் சூறாவளி வந்தது. ஜே.டி.எஸ். என்ற கலிபோர்னியா கம்பெனி 1990-களில் சென்னையில் ஹார்டு டிஸ்க் செய்தது. 1998-ல் அதுவும் திவால்.

உலகில் 200-க்கு மேற்பட்ட கம்பெனிகள் இந்தத் தொழிலில் இறங்கின. இன்று மிஞ்சியவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றே!

அதிலும் ஓர் ஆபத்து உண்டு. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கின. உலகம் முழுவதும் ஹார்டு டிஸ்க் விலை எகிறியது.

யாருக்கு நஷ்டம்?

முதலாளி ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிப்பார். வேலை போன தொழிலாளி என்ன செய்வார்? வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளமும் காத்திருக்குமா?

தொழில் தொடங்குவது குற்றம் அல்ல. பணம் போடுகிறவர், "எத்தனை பேர் வாங்குவார்கள்?" என்று கேட்டால் மட்டும் போதாது. "எத்தனை பேர் செய்கிறார்கள்?" என்றும் கேட்க வேண்டும். நல்ல வருடத்து லாபத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளிக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். கெட்ட வருடத்தில் அது கை கொடுக்கும்.

2023-ல் கம்ப்யூட்டர் நினைவுச் சில்லுகள் விற்காமல் விலை விழுந்தது. 2025-ல் செயற்கை அறிவு வேலைக்காகத் தேவை பெருகி விலை ஏறியது. சக்கரம் மறுபடியும் சுழன்றிருக்கிறது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டியதுதான். தூற்றிய நெல்லில் கொஞ்சம் விதைக்கும் எடுத்து வைக்க வேண்டும்!