ஓடாமலே முதிரும் ரப்பர்
பழைய கார் விளம்பரங்களில் ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ் கண்ணில் படும்போதெல்லாம், சிறிய காரிலிருந்து அதற்கு மாறத் துடிக்கும் இளைஞர்களுக்குத் தைரியம் சொல்லத் தோன்றுகிறது. நம் மறைமலைநகரில் தயாரான வண்டி. சுமார் 100 குதிரைத்திறன், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். சாலையின் ஒவ்வொரு நெளிவையும் அது உள்ளங்கைக்குச் சொல்லும் விதத்தை இன்றைய புதிய சிறிய கார்களில் நான் உணர்ந்ததில்லை. 2021-ல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததால் வரும் தயக்கம் நியாயமானது. ஆனால் என் கவலை வேறு. வாங்குகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரை மட்டுமே பார்க்கிறார்கள். ரப்பரோ நின்ற இடத்திலேயே முதிர்ந்துவிடும். பட்டன் தேயாத டயரின் பக்கவாட்டில் 1414 என்றிருந்தால், அது 2014-ன் 14-வது வாரத்தில் பிறந்தது. அதை நம்பி வேகம் பிடிக்கக் கூடாது. சஸ்பென்ஷன் புஷ், என்ஜின் மவுண்ட் எல்லாம் அப்படித்தான். டைமிங் பெல்ட் அறுந்தாலோ வால்வுகளே வளைந்துவிடலாம். 15 ஆண்டு தாண்டினால் ஆர்.சி. புதுப்பிக்கும் செலவு வேறு. ஆகவே கைப்பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதியை மெக்கானிக்குக்கென்று ஒதுக்குங்கள். பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.