அநாதைப் பிணம்

"வாழும்போது கஞ்சிக்கு வழியில்லை. செத்தால் மட்டும் கடன் வாங்கி மேளம், பட்டாசு, பூப்பல்லக்கு! ஏன் ஐயா இந்த ஆர்ப்பாட்டம்?"

மேற்குத் தாம்பரத்தில் மாலை வேளைகளில் என்னோடு நடக்க வருகிற நண்பர் ஒருவர் கேட்டார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர். படித்தவர்கள் பலர் வாயிலும் இதைக் கேட்டிருக்கிறேன். இந்த நியாயத்தோடுதான் எனக்குச் சண்டை.

போன வருஷம் எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து இறந்துபோனார். நான் போனபோது அவர் மனைவி பிணவறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, தணிந்த குரலில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"சார், இவரு யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டா, அவங்களே எடுத்துப் போட்டுடுவாங்களாமே, நெசந்தானா?"

இருபத்திரண்டு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள்.

நிஜந்தான். கேட்பாரற்ற பிணத்தை அடக்கம் செய்யப் போலீசும் ஊராட்சியமைப்பும் உண்டு. 1951ஆம் வருஷத்துச் சென்னை உடற்கூறியல் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் இறந்து யாரும் உரிமை கோராத உடல் மருத்துவக் கல்லூரி மேஜைக்கும் போகலாம். இங்கிலாந்துக்காரன் 1832லேயே இப்படி ஒரு சட்டம் செய்து, ஏழை விடுதிகளில் செத்தவர்களை வைத்தியப் படிப்புக்கு அனுப்பினான். சட்டத்தில் 'ஏழை' என்ற வார்த்தைக்கு அவசியமே இல்லை. 'கோரப்படாத' என்றால் போதும். மீதியை வறுமை பார்த்துக்கொள்ளும். பங்களாக்காரர் பிணம் எங்காவது கோரப்படாமல் கிடந்ததுண்டா?

அநாதைப் பிரேதத்தை எடுத்துப் போட்டால் அசுவமேத பலன் என்பார்கள். பெண்டாட்டி பிள்ளை உள்ள பிணத்துக்கு அந்தப் பலன் கிடையாது போலிருக்கிறது. புருஷனை யாரோ என்று சொன்னால் அடக்கம் இலவசம். என் புருஷன் என்றால் பணம் எடுத்து வை!

உதவியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 155377க்குப் போன் செய்தால் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து அமரர் ஊர்தி காசில்லாமல் வருகிறது. அவருக்கும் வந்தது. சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் வேலை செய்து, இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருந்தால் அடக்கச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். தள்ளுவண்டிக்கு ஏது இ.எஸ்.ஐ.? நலவாரியத்தில் பெயர் இருந்தால் மனு போடலாம், சான்றிதழ் வாங்கலாம், காத்திருக்கலாம். பிணம் காத்திருக்குமா?

சரி, நண்பர் சொல்லும் ஆர்ப்பாட்டத்துக்கு வருவோம். ஊர்தி பாதி வழி வந்திருக்கும். வீட்டுக்காரர் போன் செய்தார். "உள்ளே கொண்டுவர வேண்டாம், மற்றக் குடித்தனக்காரர்கள் ஆட்சேபிக்கிறார்கள்." ஆகவே, தெருவோரத்தில் ஒரு பந்தல். மகள் திருப்பூரிலிருந்து வந்து முகம் பார்க்க வேண்டும். ஆகவே, ராத்திரிக்குக் குளிர்பெட்டி வாடகை, நாற்காலி வாடகை, விளக்கு வாடகை. சொந்தக் கூடத்தில் கிடத்த முடிகிறவருக்குப் பாதிச் செலவு இல்லவே இல்லை. அவளுக்கு 28,000 ரூபாய் ஆயிற்று. மேளத்துக்குக் கொடுத்தது அதில் 3,000. நம் வீடுகளில் பதின்மூன்று நாள் காரியத்துக்கு எத்தனை ஆகிறது என்று நண்பரைக் கேட்டேன். "அது சம்பிரதாயம்" என்றார்.

ஆர்ப்பாட்டமில்லாத சாவு ஒன்றையும் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். 2016 ஆகஸ்டில் ஒடிசாவின் பவானிபட்னா ஆஸ்பத்திரியில் ஒரு பழங்குடி மனிதரின் மனைவி காசநோயால் இறந்தாள். வண்டி கிடைக்கவில்லை. உடலைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அழுகிற மகளைக் கூட்டிக்கொண்டு, சுமார் பத்து கிலோமீட்டர் நடந்தார். மேளமில்லை, பூவில்லை, கடனுமில்லை. நண்பர் அன்று பேச்சை மாற்றிவிட்டார்.

இஸ்திரிக்காரர் மனைவி கடைசியில் "என் புருஷன்" என்றே கையெழுத்துப் போட்டாள். வட்டிக்காரரிடம் கொஞ்சம், என்னிடம் 5,000, எதிர்வீட்டம்மாவிடம் கொஞ்சம். அவர் படுப்பதற்கு முன் வாங்கிப்போன என் சட்டைகள் இரண்டு அவள் வீட்டிலேயே இருந்தன. பதினாறாம் நாள் கழிந்து அவளே தேய்த்து எடுத்துவந்தாள். கூலியை நீட்டினேன்.

"கடன்ல கழிச்சுக்குங்க சார்" என்றாள்.