லேசர் கழட்டுறது கண்ணாடியை மட்டும்தான்

கொஞ்சம் நீளமான இழை மக்களே. வீட்ல கண்ணாடி போட்ட காலேஜ் பசங்க இருந்தா அவங்களுக்கும் அனுப்பிவிடுங்க.

"சார், லேசர் பண்ணிட்டா கண்ணு சரியாயிடும்ல?" தர்மபுரி மாவட்டத்துல கண் டாக்டரா உட்கார்ந்திருக்கிற எனக்கு வாரத்துக்கு நாலு தடவையாவது இந்தக் கேள்வி வரும். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிட்டிருக்கிற பென்னாகரத்துத் தம்பி கேட்பாரு. மாப்பிள்ளை வீட்டார் வர்றதுக்குள்ள கண்ணாடியைக் கழட்டணும்னு அரூர்ப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா பொண்ணைக் கூட்டிட்டு வருவாங்க. பெங்களூருல வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வாங்கினவங்களும் கேட்பாங்க. என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: கண்ணாடி போயிடும், கண்ணு அதே கண்ணுதான்.

முதல்ல இந்த 'லேசர்'ங்கிற வார்த்தையே பெரிய குழப்பம். "எங்க ஆயாவுக்கு லேசர்ல புரை எடுத்தாங்க"ன்னு சொல்றாங்க இல்லையா, அதுல பெரும்பாலும் லேசரே கிடையாது. அது ஃபேக்கோ, ஒலி அலையால புரையை உடைச்சு உறிஞ்சி எடுக்கிற முறை. புரை ஆபரேஷன் பண்ணி சில மாசமோ வருஷமோ கழிச்சு லென்ஸுக்குப் பின்னாடி இருக்கிற சவ்வு மங்கிப்போனா அதைத் திறக்க ஒரு லேசர் உண்டு. சுகர் வந்து விழித்திரை கெட்டவங்களுக்கு வைக்கிறது இன்னொரு லேசர். கண் நீர் அழுத்தத்துக்கு வேற. இதுல எதுவுமே கண்ணாடியைக் கழட்டாது. அதனால "பக்கத்து வீட்டுக்காரருக்கு லேசர் வெச்சும் கண்ணாடி போடறாரே, அப்போ ஏமாத்தா?"ன்னு கேட்காதீங்க. அவருக்கு வெச்சது வேற, உங்க பையனுக்குக் கேட்கிறது வேற.

கண்ணாடியைக் கழட்டுற லேசர் பேரு எக்ஸைமர். அதுக்குப் பின்னாடி நம்ம சென்னைக்காரர் ஒருத்தர் இருக்காரு. ரங்கசாமி சீனிவாசன், 1929ல மெட்ராஸ்ல பிறந்து மெட்ராஸ் யுனிவர்சிட்டில படிச்சவர். அமெரிக்காவுல ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பார்த்தாரு. 1981 நவம்பர்ல அங்க 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகை விருந்துல மிச்சமான வான்கோழித் துண்டை லேபுக்கு எடுத்துட்டுப் போய், இந்த லேசரை அதுல பாய்ச்சிப் பார்த்தாரு. சுத்தி எதுவும் கருகாம, கத்தியால சீவின மாதிரி வெட்டு விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் கண் டாக்டர்கள் இதைக் கருவிழியில பயன்படுத்தலாமேன்னு யோசிச்சாங்க. 2013ல ஒபாமா கையால பதக்கம் வாங்கினாரு. நம்ம ஊர் பாடப்புத்தகத்துல இவர் வரணும்ங்கிறது என் ஆசை.

சரி, அந்த லேசர் கண்ணுல என்ன பண்ணுது? கண்ணுக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடி மாதிரியான பகுதிதான் கருவிழி. அதோட கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், அதாவது 500 சொச்சம் மைக்ரான். லாசிக்ல மேல ஒரு மெல்லிய மூடியைத் திறந்து, உள்ளே கொஞ்சம் சீவி, மூடியைத் திரும்ப வெச்சுடுவாங்க. மூடிக்கு 110 மைக்ரான்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு பவருக்கும் சுமார் 14 மைக்ரான் சீவணும். அடியில 250 மைக்ரானுக்குக் குறையாம மிச்சம் இருந்தே ஆகணும், 300 இருந்தா நிம்மதி.

இப்போ நீங்களே கணக்குப் போடுங்க. மைனஸ் 4 பவர், 530 மைக்ரான் கனம்: 110 போக, 56 போக, 364 மிச்சம். தாராளம். மைனஸ் 9, கனம் 480: 110 போக, 126 போக, 244. இந்தக் கண்ணைத் தொடக்கூடாது. "ஆஃபர் இந்த மாசத்தோட முடியுது"ன்னு ஃபோன்ல சொல்ற ஆளுக்கு உங்க கருவிழிக் கனம் தெரியாது. ஸ்மைல்னு மூடி இல்லாத முறை இருக்கு. ரொம்ப அதிக பவருக்குக் கண்ணுக்குள்ளயே லென்ஸ் வைக்கிற முறையும் இருக்கு. எது உங்களுக்குன்னு கருவிழியோட வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், விளம்பரத்தைப் பார்த்து இல்ல.

அந்த வரைபடம் ஏன் இவ்வளவு முக்கியம்னா, கெரட்டோகோனஸ்னு ஒண்ணு இருக்கு. கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னாடி தள்ளிட்டு வரும். ஆரம்பத்துல சிலிண்டர் பவர் மாறிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான் தெரியும். இது தெரியாம அந்தக் கண்ணை லேசரால இன்னும் சீவினா நிலைமை மோசமாகி, சிலருக்குக் கண் மாற்று ஆபரேஷன் வரைக்கும் போகும். சீக்கிரம் கண்டுபிடிச்சா சி3ஆர்னு ஒரு சிகிச்சையால அங்கேயே நிறுத்தலாம். நம்ம பக்கம் வெயில், தூசு, அலர்ஜி. கண்ணைக் கசக்கிட்டே இருக்கிற பிள்ளைங்க நிறைய. கசக்கக் கசக்க இந்த நோய்க்கு வழி விடுறோம். "சும்மா அரிப்புதான்"னு விட்டுடாதீங்க. மெடிக்கல்ல கேட்டு வாங்குற சொட்டு மருந்தும் வேண்டாம். அதுல ஸ்டீராய்டு இருந்து மாசக்கணக்கா போட்டா கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும்.

கண்ணாடி போன கண்ணு ஏன் அதே கண்ணுன்னு சொன்னேன்? கிட்டப்பார்வைக் கண்ணு சராசரியை விட நீளமா வளர்ந்த கண்ணு. உள்ளே விழித்திரை இழுத்து மெலிஞ்சிருக்கும். லேசர் முன்னாடி மட்டும் சீவுது; நீளம் குறையாது. ஆபரேஷனுக்கு அப்புறமும் மின்னல் அடிக்கிற மாதிரி தெரிஞ்சாலோ, கொசு மாதிரி நிறைய புள்ளிங்க திடீர்னு பறந்தாலோ, ஓரத்துல திரை விழுந்தாலோ அன்னைக்கே ஓடி வரணும். நாற்பது வயசுக்கு மேல வெள்ளெழுத்து வரும், படிக்கக் கண்ணாடி வரும். லேசர் பண்ணினவங்களுக்கும் தப்பாது. கொஞ்ச மாசம் கண் வறட்சி இருக்கும். ராத்திரியில எதிர்ல வர்ற லாரி லைட்டு சிலருக்குப் பூப்பூவா சிதறும். தொப்பூர் கணவாய்ல ராத்திரி வண்டி ஓட்டுறவங்க இதை முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

போலீஸ், ராணுவம்னு போற தம்பிகளுக்கு மட்டும் தனியா ஒண்ணு. பதவிக்குப் பதவி கண் விதி மாறும். சிலதுல லேசர் பண்ணின கண்ணை ஏத்துக்குவாங்க, சிலதுல மாட்டாங்க. ஏத்துக்கிற இடத்துலயும் ஆபரேஷன் முடிஞ்சு இவ்வளவு மாசம் ஆகியிருக்கணும்னு இருக்கும். அறிவிக்கையைக் கையில எடுத்துட்டு டாக்டர்கிட்ட வாங்க. கோச்சிங் சென்டர் அண்ணன் சொன்னாருன்னு மெடிக்கலுக்கு முந்தின மாசம் பண்ணிட்டு வந்து நிற்காதீங்க. 18 வயசு முடியணும், 21 ஆனா இன்னும் நல்லது. ஒரு வருஷமா பவர் மாறாம இருக்கணும். கர்ப்பமா இருக்கிறவங்களும் பால் கொடுக்கிற அம்மாக்களும் தள்ளிப்போடுங்க.

இனிமே சொல்றதுக்குச் சிலர் என் மேல கோபப்படலாம். பையனோட லேசருக்குத் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைக்கிற வீட்ல, அப்பாவுக்கு பத்து வருஷமா சுகர். விழித்திரையை ஒரு தடவை கூட காட்டினதில்லை. ஆயா ரெண்டு கண்ணும் புரை முத்தி, சுவரைத் தடவிக்கிட்டு நடக்குறாங்க. "வயசாச்சு, இனிமே எதுக்கு"ன்னு விட்டாச்சு. எனக்கு இந்தக் கணக்கு புரியல. பையனோட குறையை ஒரு கண்ணாடி ஈடுகட்டுது. அப்பாவோட விழித்திரை ஒருமுறை போனா எந்தக் கண்ணாடியும் ஈடுகட்டாது, ஆரம்பத்துல வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. ஆயாவுக்கோ காசே தேவையில்லை. 1976ல இருந்து தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் இருக்கு. அரசு ஆஸ்பத்திரியில புரை ஆபரேஷனும் உள்ளே வைக்கிற லென்ஸும் இலவசம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில கண் பிரிவு இருக்கு. முதல்ல ஆயா, அப்புறம் அப்பா, அதுக்கப்புறம் தம்பி. தம்பி ஆறு மாசம் காத்திருந்தா ஒண்ணும் ஆகாது.

லேசருக்கு நான் எதிரி இல்லீங்க. பொருத்தமான கண்ணுக்கு அது அருமையான ஆபரேஷன், நானே அனுப்பி வைக்கிறேன். பண்ணிக்கிறவங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க: ஆபரேஷனுக்கு முந்தின பவர், கருவிழிக் கனம், வரைபடம், எல்லா ரிப்போர்ட்டையும் ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வைங்க. முப்பது வருஷம் கழிச்சு உங்களுக்கே புரை வரும்போது லென்ஸ் பவர் கணக்குப் போட அது வேணும். மெலிஞ்ச கருவிழியில கண் அழுத்தம் அளந்தா குறைச்சலா காட்டும். அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும் "எனக்கு லேசர் ஆயிருக்கு"ன்னு சொல்லிடுங்க.

அப்பாவைக் கூட்டிட்டு வரும்போது துணைக்கு ஒருத்தர் வாங்க. விழித்திரை பார்க்க சொட்டு மருந்து போட்டா நாலஞ்சு மணி நேரம் கண் கூசும், அவரை பைக் ஓட்ட விடாதீங்க.